மெட்டைச் சுமந்தவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமத்துச் சாயல் இசைக்குத் தமிழ் நாளிதழில் முழுப் பக்கம் கிடைப்பது அபூர்வம், அதற்கு நன்றி. குறை ஒன்று உண்டு. ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் அலைந்து பாட்டுச் சேகரித்தார் என்று எழுதிய கட்டுரையாளர், அவரோடு அலைந்த லெஸ்லி ரிடிலை விட்டுவிட்டார். அந்த விடுபடலுக்கும் நம் மதுரை வட்டாரத்தில் நடக்கும் நாட்டுப்பாடல் சேகரிப்புக்கும் தொடர்பு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் எங்கள் கருத்துகளை வெட்டிக்கொள்ளுங்கள், ரிடிலின் பெயரை வெட்ட வேண்டாம்.

முதலில் குடும்பம். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, மூன்றாவதாக மேபெல். மேபெல் சாராவுக்கு உறவில் தங்கை, ஏ.பி.யின் தம்பி எஸ்ராவை மணந்ததால் வீட்டில் ஓரகத்தி. வர்ஜீனியா மாநிலத்தில் கிளிஞ்ச் மலையடிவாரத்தில் மேசஸ் ஸ்பிரிங் அவர்கள் ஊர். 1927 ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் பிரிஸ்டல் நகரில் விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக ரால்ஃப் பியர் அவர்களின் 6 பாடல்களைப் பதிவு செய்தார். பாட்டுக்கு 50 டாலர். அதிலிருந்து 1941 வரை 250-க்கும் மேற்பட்ட பாடல்கள் பதிவாயின.

இத்தனை பாட்டுக்கு எங்கே போவது? பியருக்கு வேண்டியது பழைய சாயலில் உள்ள பாட்டு, ஆனால் அதற்குள் வேறு யாரும் பதிப்புரிமை வாங்கியிருக்கக் கூடாது. பாடல் உரிமையில் வரும் வருமானம்தான் அவர் தொழிலின் அச்சாணி. கைவசம் இருந்தது தீரத் தீர ஏ.பி. கிளம்பித் தேட வேண்டியதாயிற்று. தேடிக் கொண்டுவந்தவை அவர் பெயரில் பதிவாயின. அன்றைய தொழில் வழக்கம் அது. அதற்காக ஏ.பி.யை மட்டும் பிடித்து ஏசுவது சரியாகாது.

ரிடில் 1905-இல் வட கரோலினாவின் பர்ன்ஸ்வில் ஊரில் பிறந்த கறுப்பினக் கலைஞர். டென்னசியின் கிங்ஸ்போர்ட் நகரில் சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தார். துப்பாக்கி வெடித்து வலது கையில் இரண்டு விரல்களும் போயின. கிதாரில் கம்பியை மீட்டும் கை வலது கை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மிஞ்சிய விரல்களுக்குத் தக்கபடி தன் வாசிப்பை அமைத்துக்கொண்டார். 1928-ஐ ஒட்டி கிங்ஸ்போர்ட்டில் ஏ.பி. அவரைச் சந்தித்தார், வீட்டுக்கு அழைத்துப் போனார். அதன்பின் பல ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே பாட்டுத் தேடிப் போனார்கள்.

ஏ.பி.க்கு வார்த்தை பிடிபடும், மெட்டு நிற்காது. ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறும் காலமும் வந்திருக்கவில்லை. ஆகவே வேலை இரண்டாகப் பிரிந்தது. பாடுகிறவர் சொல்லச் சொல்ல ஏ.பி. தாளில் எழுதுவார். ரிடில் மெட்டைக் காதில் வாங்கிக்கொள்வார். மேசஸ் ஸ்பிரிங் திரும்பியதும் சாராவுக்கும் மேபெலுக்கும் அதைப் பாடியும் வாசித்தும் பழக்குவார். ஏ.பி.யின் டேப் ரிக்கார்டராக இருந்தேன் என்று பிற்காலத்தில் ரிடிலே சொல்லியிருக்கிறார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ரயில் பெட்டியில் உட்காரச் சட்டம் இடம் தராத மாநிலங்கள் அவை. ரெக்கார்டு கம்பெனிகளும் விற்பனைப் பட்டியலையே இரண்டாகப் பிரித்து, கறுப்பர் இசையை 'ரேஸ்' என்றும் மலைநாட்டு வெள்ளையர் இசையை 'ஹில்பில்லி' என்றும் தனித்தனியாக விற்றன. அந்தக் காலத்தில் ரிடில் கார்ட்டர் வீட்டில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார். தன் பெயரில் ஒரு ரெக்கார்டும் அப்போது அவர் போடவில்லை.

1942-இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார், பிறகு வாசிப்பதையே விட்டுவிட்டார். 1960-களில் பழைய பாணிகளைத் தேடிக்கொண்டிருந்த நாட்டுப்புற இசைக் கலைஞர் மைக் சீகரிடம் மேபெல்தான் ரிடிலைப் பற்றிச் சொன்னார். சீகர் அவரைக் கண்டுபிடித்து மறுபடி கிதார் எடுக்க வைத்தார், 1965 முதல் பல ஆண்டுகள் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் 1993-இல்தான் ஆல்பமாக வெளிவந்தன. முப்பது ஆண்டுக்கும் மேல் ஆன பிறகும், கேட்டவரிடம் இவரிடம் கற்றேன் என்று பெயரைச் சொன்னாரே மேபெல், அந்த நட்பு எப்படிப்பட்டது என்பதற்கு எங்களுக்கு அது போதும். ரெக்கார்டின் மேல் ஒட்டிய லேபிளில் மட்டும் அந்தப் பெயர் வரவே இல்லை. நம் கல்யாணப் பத்திரிகையில் நாகஸ்வரக்காரர் பெயரும் தவில்காரர் பெயரும் இருக்கும், ஒத்து ஊதியவர் பெயர் இருக்காது அல்லவா, அது போல.

இந்த விஷயத்தை ஒருமுறை கேள்விப்பட்டவுடன் மறுகோடிக்குத் தாவுகிறவர்களும் உண்டு. மேபெலின் வாசிப்பு முழுவதும் ரிடில் தந்தது என்று எங்கள் மாணவர்களே சொல்கிறார்கள். தேதி அதற்கு இடம் தரவில்லை. 1927 ஆகஸ்ட் பதிவுகளிலேயே மேபெல் கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டையும் ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பிகளில் தாளத்தையும் வாசிக்கிறார். 'கார்ட்டர் ஸ்கிராட்ச்' என்று உலகம் சொல்லும் நடை அது. ரிடில் அந்த வீட்டுப் படியேறியது அதற்குப் பிறகுதான். அவர் கொண்டுவந்தது வேறு: கறுப்பினக் கலைஞர்களின் விரல் நடை, புளூஸ் என்னும் அவர்கள் இசையின் சாயல், அவர்கள் ஊர்களிலும் தேவாலயங்களிலும் புழங்கிய பாடல்கள். 1930-இல் பதிவான 'தி கேனன்பால்' ரிடிலிடம் கற்றது. அந்த ஒரு பாட்டையும் 1927 பதிவு ஏதாவது ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் கிதார் தெரியாதவருக்கும் வித்தியாசம் புரியும். கொடுத்ததை அளந்து சொன்னால்தான் கொடுத்தவருக்கு மரியாதை. கூட்டிச் சொன்னால் அடுத்த ஆராய்ச்சியாளர் அதை வெட்டும்போது உண்மையான பங்கையும் சேர்த்து வெட்டிவிடுவார்.

வாசித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக அந்த நடையைப் பற்றிச் சிறிது. மெல்லிய கம்பி 1, தடித்த கம்பி 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சுருதியில் கூட்டி, இடது கையில் சி கார்டு (ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்தால் 5-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட், அதாவது கழுத்தின் மூன்றாவது கட்டம், ஸட்ஜம். ரிஷபம் 4-ஆம் கம்பி திறந்தபடி, அதாவது எங்கும் அழுத்தாமல். காந்தாரம் அதே கம்பியில் 2-ஆம் ஃப்ரெட், மத்தியமம் 3-ஆம் ஃப்ரெட். பஞ்சமம் 3-ஆம் கம்பி திறந்தபடி, தைவதம் அதில் 2-ஆம் ஃப்ரெட். கீழே போனால் நிஷாதம் 5-ஆம் கம்பி 2-ஆம் ஃப்ரெட், தைவதம் 5 திறந்தபடி, பஞ்சமம் 6-ஆம் கம்பி 3-ஆம் ஃப்ரெட். சங்கராபரண ஸ்வரங்கள் ஒன்பது, கை நகராமலே கட்டைவிரலுக்கு எட்டிவிடுகின்றன. கார்ட்டர் குடும்பத்தின் பாடல்களில் பெரும்பாலானவற்றின் மெட்டு இந்த எல்லைக்குள் அடங்கும். பாடகரின் சுருதிக்கு ஏற்ப மேலே போக வேண்டுமானால் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவைப் போட்டுக்கொள்ளலாம்.

தாளம் 'தாம் தக, தாம் தக'. 'தாம்' கட்டைவிரல், மெட்டின் ஒரு ஸ்வரம். 'தக' ஆள்காட்டி விரல் நகத்தின் பக்கவாட்டால் கீழே ஒரு வருடல், மேலே ஒரு வருடல். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியில் நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கி இரண்டும் ஒட்டிக்கொண்ட பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். வருடல் 1, 2, 3 கம்பிகளை மட்டும் தொடட்டும். கட்டைவிரல் 3-ஆம் கம்பியில் பஞ்சமத்தையோ தைவதத்தையோ எடுக்கும்போது வருடல் 1, 2-ஓடு நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் இப்போதுதான் எழுப்பிய ஸ்வரத்தை நாமே தேய்த்து அழித்துவிடுவோம்.

நம் ஊர் மாணவர்களிடம் வழக்கமாகக் கெடுவது சில இடங்களில். ஆறு கம்பியையும் வாரி அடிப்பது முதல் கேடு: மெட்டு அதற்குள் மூழ்கிவிடும். கம்பியை மீட்டும் தட்டையான பிக் துண்டால் வாசித்தால் மெட்டும் வருடலும் ஒரே சத்தத்தில் வரும். கட்டைவிரலில் தம்ப் பிக் மாட்டினால் தடித்த கம்பி தானாக முன்னே நிற்கும். தம்ப் பிக் இறுக்கமாக இருந்து விரல் மரத்துப்போனால் வெந்நீரில் முக்கி மெதுவாக விரித்துக்கொள்ளலாம். இன்னொன்று, மத்தியமத்துக்கோ தைவதத்துக்கோ போகும்போது கார்டு முழுவதையும் தூக்கிவிடுவது. தேவையான ஒரு விரலை மட்டும் நகர்த்த வேண்டும், மற்றவை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். கார்டைத் தூக்கினால் அடியில் ஓடும் ஒலி அறுந்துபோகும், கேட்பவருக்கு ஏதோ தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும்.

கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ரெக்கார்டுகளில் மேபெல் கிதாரைப் பல சமயம் வழக்கத்தைவிட இறக்கிக் கூட்டியிருக்கிறார். அதைப் பார்த்து இங்கேயும் இறக்குகிறார்கள், ஆனால் கடையில் கொடுக்கும் மெல்லிய செட்டை, அதாவது முதல் கம்பி 0.010 அங்குலத் தடிமன் உள்ளதை, வைத்துக்கொண்டு. இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் கம்பியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மூன்று இறக்கினால் ஏறக்குறைய 30 சதவீதம். மெல்லிய கம்பி தொய்ந்து ஃப்ரெட்டில் உரசி 'ஜர்ர்' என்னும். 0.012 முதல் 0.053 வரையுள்ள செட் போட்டால் இரண்டு ஃப்ரெட் இறக்கலாம். 0.013 செட் போட்டால் மூன்றும் இறக்கலாம். ஆனால் அந்தத் தடித்த செட்டை மலிவான ஒட்டுப்பலகை கிதாரில் முழுச் சுருதிக்கு ஏற்றி, சித்திரை வெயிலில் காருக்குள் பூட்டி வைத்தால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், கிதாரின் மேல்பலகையை விட்டுக் கிளம்பும். மேபெலின் கிதாரோ 1928-இல் 275 டாலருக்கு வாங்கிய கிப்சன் எல்-5. அது இப்போது நாஷ்வில்லில் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கிதாரிடம் அந்தத் தாங்குதலை எதிர்பார்க்கக் கூடாது.

ரிடிலின் சாயல் வேண்டுமானால் இதே சி கார்டில் காந்தாரத்துக்கு நேராகப் போகாமல் 4-ஆம் கம்பி 1-ஆம் ஃப்ரெட்டைத் தட்டி, உடனே 2-ஆம் ஃப்ரெட்டில் விரலை அடித்து இறக்க வேண்டும். சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு வழுக்கல். புளூஸ் வாசலில் கால் வைத்தாயிற்று. எல்லா இடத்திலும் போட்டால் திகட்டும், வரி முடிவில் ஒன்று போதும்.

இனி மதுரைக்கு வருகிறோம். ஒவ்வொரு கல்வியாண்டிலும் இங்குள்ள கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிளம்புகிறார்கள். சோழவந்தான் பக்கம் நடவுப் பாட்டு, உசிலம்பட்டிப் பக்கம் ஒப்பாரி, தெம்மாங்கு, மேலூர்ப் பக்கம் கும்மி, சித்திரைத் திருவிழாவில் அழகர் வர்ணிப்பு. சினிமாவுக்கும் யூடியூப் சேனலுக்கும் மெட்டுத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் கூடவே ஒரு உள்ளூர்க்காரர் வருவார். பெரும்பாலும் உறுமி அடிப்பவர், நையாண்டி மேளத்தில் இருப்பவர், அல்லது கரகக் குழுவோடு போகிறவர். எந்தத் தெருவில் யார் பாடுவார், யாரிடம் எப்போது கேட்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். பாடுகிற அம்மா தயங்கினால் முதல் வரியை எடுத்துக்கொடுப்பவர் அவர். ஊர் திரும்பிய பின் மெட்டு மறந்துபோனால் போன் போட்டுப் பாடச் சொல்வதும் அவரிடம்தான். ஆய்வேட்டிலோ வீடியோவிலோ கடைசியில் 'ஊர் மக்களுக்கு நன்றி' என்று ஒரு வரி வரும். ரிடில் நின்ற இடத்தில்தான் அவரும் நிற்கிறார்.

வார்த்தைக்குக் கொடுக்கும் கவனம் மெட்டுக்கு இல்லாததுதான் இதன் வேர். வர்ணிப்புப் பாட்டுகள் சின்னப் புத்தகங்களாக அச்சாகிக் கிடைக்கின்றன, ஆனால் எந்த மெட்டு என்பதைப் பாடுகிறவர் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாணவர்கள் 'மெதுவாகச் சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்' என்று ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே பாதி போய்விடுகிறது. சொல்லும்போது 'தன்னானே', 'ஏலேலோ' போன்ற அசைகளை யாரும் சொல்ல மாட்டார்கள், அது பாட்டே இல்லை என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். வரி மடங்கிவரும் இடமும் விட்டுப்போகும். அந்த அசைகள்தான் தாளத்தின் மிச்ச மாத்திரையை நிரப்புகின்றன, அவை இல்லாத வரியை மெட்டில் உட்காரவைக்க முடியாது. வீட்டுக்கு வந்து எழுத்தைத் திருத்துவது அடுத்த அழிவு. 'வாரான்' இரண்டு உயிரொலி, 'வருகிறான்' என்று திருத்தினால் நான்கு. அதை வைத்துக்கொண்டு மெட்டு சரியில்லை என்று பாடியவர் மேல் பழி போடுவார்கள்.

ஆகவே முதலில் தடையில்லாமல் முழுப் பாட்டையும் பாடவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். முதல் சரணத்தில் மெட்டு இன்னும் நிலைகொண்டிருக்காது, மூன்றாவதில்தான் குரல் தன் இடத்தைப் பிடிக்கும். சுரப்படுத்துகிறவர், அதாவது மெட்டை ஸ்வரமாக எழுதுகிறவர், அங்கிருந்து எடுப்பது நல்லது. வரி வரியாகப் பாடச் சொல்வதும் பொருள் கேட்பதும் இரண்டாவது சுற்றுக்கு. நடவுப் பாட்டை ஒருவரை மட்டும் உட்காரவைத்துப் பாடச் சொன்னால், ஒருவர் எடுத்து மற்றவர் வாங்கும் இடத்தில் குரல் மேல் குரல் படிவது காணாமல் போகும். மூன்று பேராவது வேண்டும். கும்மிக்குக் கைதட்டும் நடையும் இருக்க வேண்டும். ஒப்பாரியை வீட்டுக்குள், அதுவும் விளக்கு வைத்த நேரத்தில் பாடச் சொல்லாதீர்கள். பலர் மறுப்பார்கள், மறுப்பது நியாயம். களத்து மேட்டிலோ மரத்தடியிலோ, அவர்களுக்கு இசைவான பகல் நேரத்தில் கேட்கலாம். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

ராகப் பெயரை அவசரப்பட்டு ஒட்டுவதும் வேண்டாம். நான்கைந்து ஸ்வரத்தில் ஓடும் மெட்டுக்கு நவரோஜ் என்றோ புன்னாகவராளி என்றோ சீட்டு ஒட்டினால், அடுத்துப் பாடுகிறவர் அந்த ராகத்தின் மிச்ச ஸ்வரங்களையும் பிடிப்புகளையும் தானாகச் சேர்த்துவிடுவார். வந்த ஸ்வரத்தை மட்டும் எழுதுங்கள். எந்தக் கட்டையில் தொடங்கினார், எங்கே முடித்தார் என்பதையும் குறியுங்கள். சுருதிப்பெட்டி இல்லாமல் பாடும்போது சரணத்துக்குச் சரணம் சுருதி ஏறுவது சகஜம். அது பிழை இல்லை, அதையும் பதிய வேண்டும்.

செல்போனில் பதிவு செய்கிறவர்கள் அதிகம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகப் பதிய வேண்டாம். அது பேச்சுக்காக ஒலியைச் சுருக்குவது, இசைக்கு ஆகாது. சுருக்காத 'வேவ்' வடிவில் பதியும் செயலியை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் வைத்தால் நிமிடத்துக்கு 5 எம்.பி.க்குச் சற்று மேல் பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்.பி. இரைச்சல் நீக்கும் வசதியும் ஒலியளவைத் தானே சரிசெய்யும் வசதியும் இருந்தால் இரண்டையும் அணைத்துவிடுங்கள். உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் நீண்ட முனகலை முதலாவது இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். இரண்டாவது, ஓங்கி ஒரு அடி விழுந்ததும் பாடகர் குரலையும் சேர்த்து அமுக்கும், பிறகு மெல்லத் தூக்கும். கேட்டால் யாரோ கதவைத் திறந்து மூடுவது போலிருக்கும். குரலுக்கு இரண்டு மூன்று அடி தூரத்திலும் உறுமிக்கு எட்டுப் பத்து அடி தூரத்திலும் போன் இருக்கட்டும். ஒலிமானி மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி ஆடினால் போதும். கட்டிலிலோ மேசையிலோ நேரே வைத்தால் தட்டும் அதிர்வு ஏறும், துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். மின்விசிறி நிற்கட்டும், ஏரோப்ளேன் மோடு இருக்கட்டும். தொடக்கத்தில் தேதி, ஊர், பாடுபவர் பெயர் ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லி, சுருதிச் செயலியில் ஒரு ஸட்ஜத்தையும் ஒலிக்கவிட்டால் கோப்பின் பெயர் மாறிப்போனாலும் தகவல் தொலையாது.

பெயர் விஷயத்தில் சட்டம் பாடுகிறவர் பக்கம்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்ற பட்டியலில் பாடகர், இசைக்கலைஞரோடு கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை சேர்த்திருக்கிறது. எழுதியவர்களுக்கு நல்ல விரிந்த மனம். பழைய மெட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதை ஒரு அம்மா பாடினால் அந்த நிகழ்த்துதலில் அவருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. அதை ஒலிப்பதிவு செய்யப் பொதுவாக அவர் சம்மதம் வேண்டும். நிகழ்த்தியவர் இன்னார் என்று குறிப்பிடக் கோரும் உரிமையை 2012 திருத்தம் சேர்த்தது. ஒலிப்பதிவின் உரிமையோ வேறு. அது பதிவுக்கு முன்கையெடுத்த தயாரிப்பாளருக்குப் போகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நான்தானே பதிவு செய்தேன், எல்லாம் எனக்கே என்று நினைப்பவர்கள் ஏராளம். கூட வந்து மெட்டைக் காதில் வாங்கிச் சுரப்படுத்தித் தந்தவரைச் சட்டம் பெரிதாகக் கவனிக்காது. அந்த இடைவெளியை நாம்தான் தாளில் நிரப்ப வேண்டும்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். சேகரித்த பாட்டை எங்கே அச்சிட்டாலும், தங்கள் இணைப்பிலும் சேர்த்துத்தான், தலைப்புக்குக் கீழே நான்கு விவரங்கள் வரட்டும்: பாடியவர், அவர் யாரிடம் கற்றார், மெட்டைக் கேட்டுத் தந்தவர் அல்லது சுரப்படுத்தியவர், வார்த்தையை எழுதியவர். பெயர் வேண்டாம் என்று பாடியவர் சொன்னால் ஊரை மட்டும் போடலாம். பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதைப் பதிவுக்கு முன்பே ஒரு தாளில் தமிழில் எழுதி வாசித்துக் காட்டி ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடுவது நல்லது. பாட்டு ஓடிய பிறகு பேச உட்கார்ந்தால் பேச்சு நன்றாக இருக்காது. உள்ளூர்க்காரருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுப்பதும் பங்கு கொடுப்பதும் வேறு வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை முடித்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

கார்ட்டர் குடும்பத்தைப் பற்றித் தாங்கள் அடுத்து எழுதும்போது, 1928-க்கு முன்பு, பின்பு என்று பதிவுகளைப் பிரித்துக் காட்டினால் வாசகர்களே ரிடிலின் பங்கைக் கேட்டுக்கொள்வார்கள். நீண்ட விளக்கம் தேவைப்படாது.

பாடியவர் வீட்டுக்கும் உள்ளூர்க்காரருக்கும் பதிவின் பிரதியைக் கட்டாயம் கொடுங்கள். கேட்பதற்கு அவர்கள் போனில் ஓடும் எம்.பி.3 போதும், மெமரி கார்டில் போட்டுக் கொடுக்கலாம். மூலமான வேவ் கோப்பைக் கணினியிலும் தனி ஹார்ட் டிஸ்க்கிலுமாக இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கல்லூரியில் இருந்தால் மற்றது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். பென் டிரைவை மட்டும் நம்பிப் பீரோவில் போட்டு வைத்தால், சில வருடம் கழித்துத் திறக்கும்போது அது திறக்காமல் போகலாம்.

இப்படிக்கு,
கிதார் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.